சுவரொட்டியை ஒளித்துவைக்கும் ஓவியர்களுக்கு

அன்புள்ள இளம் ஓவியர்களே,

எழும்பூரிலும் கும்பகோணத்திலும் ஓவியக் கல்லூரியில் படித்து வெளியே வந்தவர்களுக்கும், எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காமல் வரையக் கற்றுக்கொண்டு பத்திரிகைக்கும் பதிப்பகத்துக்கும் நாடகக் குழுவுக்கும் படம் போட்டுப் பிழைப்பவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. அதை முதுகுக்குப் பின்னால் பேசுவதைவிட முகத்துக்கு நேரே சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் வேலைகளைக் காட்டச் சொன்னால் ஒரு கோப்பை எடுத்து நீட்டுகிறீர்கள். கான்வாஸ் ஓவியங்கள் இருக்கின்றன, கோட்டுச் சித்திரங்கள் இருக்கின்றன, பயணத்தில் வரைந்த நீர்வண்ணங்கள் இருக்கின்றன. சமீபத்தில் ஒரு நாடகத்துக்கு நீங்கள் வரைந்து கொடுத்த சுவரொட்டி மட்டும் இல்லை. அந்த நாடகத்தில் நடித்த பெண்ணின் முகத்தை எவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தீர்கள் என்பதைத் தெருவில் நின்று பார்த்தவன் நான். கேட்டால், "அது காசுக்குப் பண்ணதுங்க, நம்ம கணக்குல வராது" என்கிறீர்கள். போகிற இடமெல்லாம் இதே பதிலைக் கேட்கிறேன். சுவரொட்டியின் கீழே உங்கள் பெயரும் இருப்பதில்லை.

இந்தக் கூச்சத்தோடு நீங்கள் பிறக்கவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கலை வேறு, கூலிக்கு வரைவது வேறு என்றும், கூடத்தில் மாட்டுவது பெரியது, தெருவில் ஒட்டுவது சிறியது என்றும் உங்கள் காதில் ஓதியிருக்கிறார்கள். ஓவிய ஆசிரியர் ஒருவர் தம் மாணவரின் கோப்பிலிருந்து ஒரு நாடகச் சுவரொட்டியை உருவி எடுத்து, "இதை வெச்சிருந்தா யாரும் உன்னை மதிக்க மாட்டாங்க" என்று சொன்னதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். அந்த மாணவர் தலையாட்டினார். எனக்கு மனசு ஆறவில்லை.

ஏனென்றால் அதே மாணவரின் அலைபேசித் திரையில் செக் ஓவியர் அல்போன்ஸ் முஹாவின் படம் இருந்தது. உங்களில் பலருடைய அறைச் சுவரிலும் இருக்கிறது. சுருண்டு சுருண்டு விழும் கூந்தல், தலைக்குப் பின்னால் வட்டம், ஓரமெல்லாம் பூவும் கொடியும். நீங்கள் ஆசைப்பட்டு மாட்டிவைத்திருக்கும் அந்தப் படங்களில் பாதிக்கு மேல் என்னவென்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நாடகச் சுவரொட்டி. சிகரெட் தாள் விளம்பரம். பிஸ்கட் விளம்பரம். ஷாம்பெயின் விளம்பரம். அத்தனையும் கெடு வைத்து, கூலி பேசி, அச்சகத்துக்காரர் வாசலில் நிற்கும்போது முடித்துக் கொடுத்த வேலை. 125 ஆண்டு கழித்து நீங்கள் சுவரில் மாட்டி ரசிப்பது இன்னொருவரின் 'காசுக்குப் பண்ணதை'. அப்படியிருக்க, உங்களுடையதை மட்டும் ஏன் பரணில் போடுகிறீர்கள்?

முஹாவின் கதையை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 1894 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு மறுநாள். பாரிஸில் ஓவியர்கள் எல்லோரும் விடுமுறையில் போய்விட்டார்கள். லெமெர்சியே அச்சகத்தில் ஒரு நண்பருக்காக மாதிரிப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்த முஹா மட்டும் இருக்கிறார். பிரான்ஸின் பெரிய நடிகை சாரா பெர்னார் தம் 'கிஸ்மோண்டா' நாடகத்துக்குப் புத்தாண்டுக்குள் புதிய சுவரொட்டி வேண்டும் என்று சொல்லியனுப்புகிறார். வேறு ஆள் கிடைக்காததால் முஹாவிடம் வேலை வருகிறது. ஜனவரி பிறந்ததும் சுவரொட்டி தெருவுக்கு வருகிறது. பாரிஸே திரும்பிப் பார்க்கிறது. ஒரே இரவில் புகழ்.

நடந்தது நடந்ததுதான். ஆனால் இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்லிச் சொல்லி, அந்த ஒரு வாரத்துக்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளைத் துடைத்துவிட்டார்கள். நான் உங்களோடு பேச விரும்புவது அந்தப் பதினைந்து ஆண்டுகளைப் பற்றி. அவற்றில் நீங்கள் இருக்கிறீர்கள்.

மொராவியாவில் இவான்சிட்ஸே என்ற சிற்றூரில் 1860-இல் பிறந்தவர் முஹா. அப்பா நீதிமன்றத்தில் சிறிய உத்தியோகம் பார்த்தவர். பிராக் நகரக் கலைக் கழகத்துக்கு விண்ணப்பித்தபோது சேர்த்துக்கொள்ளவில்லை. 1879-இல் வியன்னாவுக்குப் போய், நாடக அரங்குகளுக்குச் சீன் படுதா எழுதும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவருக்கு வயது பத்தொன்பது. ஆள் உயரத்துக்கு மேல் தூரிகை பிடிக்கவும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கோடு தெரியும்படி எழுதவும் அங்கேதான் கை பழகியது. 1881 டிசம்பர் 8-ஆம் தேதி வியன்னாவின் ரிங் தியேட்டர் தீப்பிடித்து எரிந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்துப்போனார்கள். அந்த அரங்கு அவருடைய முதலாளிகளுக்குப் பெரிய வாடிக்கை. வாடிக்கை போனதும் ஆட்குறைப்பு. முஹாவுக்கும் வேலை போயிற்று.

கையிலிருந்த காசு எவ்வளவு தூரம் கொண்டுபோகுமோ அவ்வளவு தூரத்துக்கு ரயிலேறினார். இறங்கிய ஊர் மிகுலோவ். அங்கே என்ன செய்தார் தெரியுமா? ஊர்க்காரர்களின் முகத்தை வரைந்து கொடுத்தார். கல்லறைக் கற்களில் எழுத்து எழுதினார். முகம் வரைந்து கிடைத்த காசில்தான் வாடகையும் சாப்பாடும். வரையச் சொன்னவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், படம் தன்னைப்போல இருந்தால்தான் காசு தருவார். இந்த நெருக்கடியில் கற்றதை எந்தக் கல்லூரி கற்றுக்கொடுக்கும்? திருமண வீட்டிலும் கண்காட்சி வாசலிலும் உட்கார்ந்து முகம் வரைந்து கொடுக்கும் உங்களில் சிலருக்கு நான் சொல்வது புரியும். அந்த வேலையையும் நீங்கள் கோப்பில் வைப்பதில்லை.

பிறகு அந்த வட்டாரத்துப் பிரபு ஒருவர் தம் மாளிகைச் சுவர்களில் ஓவியம் எழுதச் சொன்னார், மியூனிக்கிலும் பாரிஸிலும் படிக்கப் பணம் கொடுத்தார், 1889-இல் அதை நிறுத்தியும் விட்டார். முஹாவுக்கு அப்போது முப்பதை நெருங்கும் வயது. பாரிஸில் அவரைப்போல வரையத் தெரிந்த வெளிநாட்டு இளைஞர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். பருப்பும் பயறும் வேகவைத்துத் தின்றுகொண்டு, பத்திரிகைகளுக்கும் வரலாற்று நூல்களுக்கும் படம் போட்டார். 1890-இல் நாடக உடைகளைப் பற்றிய ஓர் இதழுக்காக, கிளியோபாட்ராவாக நடித்த சாரா பெர்னாரை வரைந்தார்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். அதிர்ஷ்டம் கதவைத் தட்டியதாகச் சொல்கிறார்களே, அந்த டிசம்பருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே அந்த நடிகையின் முகத்தையும் நிற்கும் விதத்தையும் அவர் கை அறிந்திருந்தது. மேடை எப்படி இருக்கும் என்பது வியன்னாவிலிருந்தே தெரியும். முகத்தைப் பிடிப்பது மிகுலோவிலிருந்தே தெரியும். பழங்கால உடைகளை வரைவது வரலாற்று நூல்களுக்குப் படம் போட்டதில் வந்தது. கிடைத்தது சில நாட்கள்தான். ஆனால் அந்தச் சில நாட்களில் வேலை செய்தது பதினைந்து ஆண்டுக் கூலி வேலை. 'நம்ம கணக்குல வராது' என்று முஹா ஒவ்வொன்றாக ஒதுக்கியிருந்தால் கிஸ்மோண்டாவுக்கு அவரிடம் எதுவும் மிஞ்சியிருக்காது.

அந்தச் சுவரொட்டியை உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். உயரம் இரண்டு மீட்டருக்கு மேல், அகலம் முக்கால் மீட்டர்தான். ஒரே தாளில் அடங்காமல் இரண்டு தாளை ஒட்டிச் சேர்த்தது. அன்றைய பாரிஸ் சுவர்களில் சிவப்பும் மஞ்சளுமாகத் துள்ளி ஆடும் பெண்களைத்தான் சுவரொட்டிகளில் பார்க்கலாம். ஜூல் ஷெரே என்ற பெரியவர் போட்ட பாதை அது. அந்தக் கூச்சலுக்கு நடுவே முஹாவின் கிஸ்மோண்டா ஆடாமல் அசையாமல் நின்றாள். பைசாந்தியப் பெருமாட்டியின் கனமான அங்கி, கூந்தலில் ஆர்கிட் பூக்கள், கையில் குருத்தோலை. நாடகத்தின் கடைசிப் பகுதியில் வரும் ஊர்வலக் கோலம் அது. தலைக்கு மேலே வளைவாக, கல் பதித்ததுபோல எழுத்தில் நடிகையின் பெயர். நிறமெல்லாம் அடங்கிய நிறம். கீழ்ப்பகுதிக்கு வந்தால் மேலே இருக்கும் நுணுக்கம் இல்லை; நேரம் போதாமல் விட்டது அப்படியே தெரிகிறது. அச்சகத்தார் இதைக் கண்டு தயங்கினார்கள் என்றும் பெர்னார்தான் பார்த்ததும் பிடித்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். சுவரில் ஒட்டிய பிறகு, சேகரிப்பவர்கள் ஒட்டுகிற ஆளுக்குக் காசு கொடுத்து வாங்கிப்போனார்கள், கிடைக்காதவர்கள் இரவில் சவரக்கத்தியால் அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெர்னாருக்கு அப்போது ஐம்பது வயது. முஹா வயதைக் குறைத்துத்தான் வரைந்தார், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்த உடல் நிற்கிற நிதானமும், அங்கியின் கனத்தைத் தோள் தாங்குகிற விதமும், குருத்தோலையைப் பிடித்த கையும் மேடையில் பார்த்தவை. நடிகையின் புகைப்படத்தை வெட்டி ஒட்டினால் அது வராது. நாடகத்தில் எந்தக் கணத்தில் இந்தப் பெண் முழுமையாக இருக்கிறாள் என்று ஒருவர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். நாடகச் சுவரொட்டியின் வேலை முழுவதும் எனக்குத் தெரிந்து அந்தத் தேடல்தான்.

பெர்னார் அவரை ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டார். சுவரொட்டி மட்டுமில்லாமல் அரங்க அமைப்பு, உடை, நகை என்று எல்லாவற்றிலும் முஹா கை வைத்தார். அந்த வரிசையைப் பார்த்தால் ஒன்று விளங்கும். நடிகை ஒருவர்தான். தாளின் வடிவமும் ஏறக்குறைய அதே நெடிய வடிவம். ஆனாலும் ஒரே முகத்தை அவர் இரண்டு முறை வரையவில்லை. 1896-இல் 'காமெலியாச் சீமாட்டி'க்கு வெள்ளை உடையில், பின்னால் நட்சத்திரங்கள் சிந்திய நிறத்தில் சோர்ந்து நிற்கிறார். கீழே விதியின் கைபோல ஒரு கை மட்டும் பூத்தண்டைப் பிடித்திருக்கிறது. அதே ஆண்டு 'லோரென்சாச்சோ'வுக்கு ஆண் வேடத்தில், கொலை செய்யத் திட்டமிடும் இளைஞனாக, மோவாயில் விரல் வைத்து யோசிக்கிறார். மேலே கொடுங்கோலனாக ஒரு பறவைநாகம் சுருண்டு வருகிறது. 1899-இல் அவரே ஹேம்லெட்; பின்னால் கோட்டை மதிலில் தந்தையின் ஆவி, காலடியில் பூக்களோடு கிடத்திய ஒஃபீலியா.

'மெடேயா'வைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1898-இல் வந்தது. அதை நான் முதலில் பார்த்தபோது முஹாவை அழகுப் பெண்களை வரைகிறவராகவே நினைத்திருந்தவர்கள்மேல் கோபம் வந்தது. பெற்ற பிள்ளைகளைக் கொன்றுவிட்டு நிற்கிறாள். கையில் ரத்தம் தோய்ந்த கத்தி, காலடியில் பிள்ளைகள், பின்னால் விடிகிறது. போர்வைபோல மூடிய துணிக்குள் முகத்தில் கண்கள் மட்டும். அந்தக் கண்கள் உங்களைப் பார்க்கவில்லை. செய்ததைப் பார்த்துவிட்டு இனிப் பார்க்க எதுவுமில்லாத கண்கள். முன்கையில் பாம்பு சுற்றியதுபோல ஒரு காப்பு. அந்தக் காப்பு மேடையில் இருந்ததைப் பார்த்து வரைந்ததில்லை. முஹா சுவரொட்டிக்காகக் கற்பனை செய்தது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு, ஜார்ஜ் ஃபூக்கே என்ற நகைக்காரரிடம் மறு ஆண்டு நிஜமாகவே செய்து வாங்கினார் பெர்னார். சுவரொட்டியில் பிறந்த நகை நடிகையின் கைக்குப் போயிற்று. நாடகத்தைப் பார்த்துச் சுவரொட்டி வரைவார்கள். இங்கே சுவரொட்டி நாடகத்துக்கு ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இதைச் செய்தவரிடம் 'அது கமர்ஷியல்' என்று உங்களால் சொல்ல முடியுமா?

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். நாடகக் குழு கதைச் சுருக்கம் அனுப்புகிறது. நாலு புகைப்படம் அனுப்புகிறது. நீங்கள் ஒத்திகைக்குப் போவதில்லை. யார் எப்படி நிற்கிறார், யாருடைய குரல் எங்கே உடைகிறது என்று பார்ப்பதில்லை. முகத்தை வெட்டி எடுத்து, பின்னால் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் கொடி ஓடவிட்டு அனுப்பிவிடுகிறீர்கள். இப்போது அதையும் கணினியிடம் ஒரு வரி எழுதிக் கேட்டால் 'முஹா பாணி' என்று கொடுத்துவிடுகிறது. முஹாவின் வட்டம் ஒப்பனைக்குப் போட்டதில்லை. கிஸ்மோண்டாவில் அந்த வளைவு நடிகையின் பெயரைத் தாங்குகிறது. 'சமாரியப் பெண்' சுவரொட்டியில் அந்த வட்டத்துக்குள் எபிரேய எழுத்துகள் இருக்கின்றன, ஏனென்றால் நாடகம் விவிலியக் கதை. நாடகம் கேட்டதால் அந்த வட்டம் வந்தது. கேட்காத நாடகத்துக்கும் அதையே போட்டால் கெடு தப்பலாம். அந்த நாடகத்துக்கு என்ன கிடைத்தது?

இதில் குற்றம் முழுவதும் உங்களுடையது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். குழுக்களிடம் பணம் இல்லை, நாள் இல்லை, நாளைக்கு வேண்டும் என்று நேற்று ராத்திரி சொல்கிறார்கள். முஹாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் கேட்பது நாட்களை இல்லை. வேலை என்று வந்தபின் அதன்மேல் வைக்கும் மதிப்பைக் கேட்கிறேன். மதிக்காத வேலைக்கு யாரும் ஒத்திகை பார்க்கப் போக மாட்டார்கள். போகாததால் சுவரொட்டி வெறும் அறிவிப்பாக நிற்கிறது. வெறும் அறிவிப்பாக இருப்பதால் அதைக் கோப்பில் வைக்க வெட்கமாக இருக்கிறது. வெட்கப்படுவதை மறுபடி யார் மதிப்பார்கள்? இந்தச் செக்கில் நீங்களே உங்களைக் கட்டிக்கொண்டு சுற்றுகிறீர்கள்.

ஓவிய வரலாறு படித்தவர்கள் இந்த இடத்தில் என்னை மறித்து ஒன்று கேட்பீர்கள். முஹாவே சுவரொட்டியிலிருந்து தப்பிக்கத்தானே பார்த்தார்? தம் வாழ்நாள் வேலை என்று அவர் நினைத்தது 'ஸ்லாவியக் காவிய'த்தைத்தானே? உண்மை. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் பொஸ்னியா அரங்கை அலங்கரிக்கப் பால்கன் நாடுகளில் சுற்றியபோதே தம் இன மக்களின் வரலாற்றைப் பெரிதாக எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்குள் விழுந்துவிட்டது. அமெரிக்கா போய், செல்வர்களின் முகங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தும் பாடம் நடத்தியும் பணம் தேடினார். சிகாகோச் செல்வந்தர் சார்லஸ் கிரேன் உதவ முன்வந்தபின் 1910-இல் சொந்த நாடு திரும்பி, ஸ்பிரோஹ் கோட்டையில் இடம் பிடித்து உழைத்தார். இருபது பெரும் ஓவியங்கள். பெரியவை ஆறு மீட்டருக்கு எட்டு மீட்டர். 1928-இல் பிராக் நகருக்கு அவற்றைப் பரிசாகவே கொடுத்தார். காலம் கடந்த பாணி என்று விமர்சகர்கள் பலர் ஒதுக்கினார்கள். 1939-இல் நாஜிகள் நாட்டைப் பிடித்ததும் கெஸ்டாபோ அவரை இழுத்துப்போய் விசாரித்தது. அந்த ஜூலையில் இறந்தார். போர்க்காலத்தில் சுருட்டி மறைத்துவைத்த ஓவியங்கள் 1963-இலிருந்துதான் மொராவ்ஸ்கி க்ரும்லோவ் ஊர்க் கோட்டையில் மறுபடி மக்கள் பார்வைக்கு வந்தன. அந்த இருபதையும் நான் மதிக்கிறேன். சிலவற்றின் முன்னால் பேச்சே வராது.

ஆனால் முஹாவின் ஆசையை எடுத்துச் சுவரொட்டியின் தலையில் அடிப்பவர்கள் அவர் செய்ததைப் பார்ப்பதில்லை. ஆறுக்கு எட்டு மீட்டர் துணியை நிரப்பும் துணிச்சல் வியன்னாச் சீன் படுதாவில் வந்தது. காவியத்துக்காக ஊர் மக்களுக்கு வேடம் போட்டு, நிற்கவைத்து, புகைப்படம் எடுத்து வரைந்தார். நாடக இயக்குநர் செய்கிற வேலை அது. நாடு திரும்பி, காவியத்தைத் தொடங்கிவிட்ட பிறகும் சுவரொட்டியை விட்டாரா? 1911-இல் பிராக் தேசிய அரங்கில் நடந்த 'இளவரசி ஹயசிந்தா' என்ற நாட்டிய நாடகத்துக்கு, அதில் நடித்த நடிகையின் முகத்தை வைத்தே ஒன்று வரைந்தார். கதையில் அவள், ஒரு கனவில் இளவரசியாகும் கொல்லர் மகள், அதனால் அலங்காரத்திலேயே கொல்லனின் கருவிகள். மறு ஆண்டு, மொராவியாவில் செக் மொழிப் பள்ளிகளுக்குப் பணம் திரட்டும் பரிசுச்சீட்டுக்கு ஒன்று. நோட்டையும் பென்சிலையும் இறுக்கிப் பிடித்தபடி நம்மை நேராக முறைக்கும் ஒரு சிறுமி. அந்தக் குழந்தையின் முறைப்பைத் தாண்டி ஒருவர் சீட்டு வாங்காமல் போயிருக்க முடியுமா என்று நினைத்துக்கொள்வேன். அவருடைய பணிகளில் இது எனக்கு மெடேயாவுக்கு அடுத்தபடி.

அதற்கு முன்பே அமெரிக்காவில் 1909-இல், நடிகை மாட் ஆடம்ஸ் ஜோன் ஆஃப் ஆர்க்காக ஒரே ஓர் இரவு நடித்த நிகழ்ச்சிக்கு முஹா ஓர் ஓவியம் வரைந்தார். நாடக விளம்பரத்துக்காக வரைந்த அந்த ஓவியம் இன்று நியூயார்க் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிரேனின் மகளை ஸ்லாவியா தேவியாக வரைந்த உருவப்படம் பின்னால் புதிய செக்கோஸ்லோவாக்கியாவின் நூறு கொருனா நோட்டில் ஏறி வீட்டுக்கு வீடு புழங்கியது. ஒரு பணக்கார வீட்டின் கூடத்தில் தொங்கியிருக்க வேண்டிய முகம், கூலிக்காரரின் சட்டைப்பைக்குள் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. தம் வாழ்வின் பெரும்பணி என்று நினைத்த அந்தக் காவியத்தின் கண்காட்சிக்கு மக்களை அழைக்க முஹா என்ன செய்தார்? மகள் யாரோஸ்லாவாவை உட்காரவைத்து, கையில் யாழைக் கொடுத்து, சுவரொட்டி ஒன்று வரைந்தார். கையெழுத்தும் போட்டார்.

கையெழுத்து என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அவசரக் கிஸ்மோண்டாவிலேயே முஹாவின் பெயர் இருக்கிறது. உலகின் பெரிய நடிகை, நாடகம் எழுதியவர் சார்து என்ற பெரிய பெயர், அச்சிட்டவர் பெரிய அச்சகம். நடுவில் முப்பத்து நான்கு வயதிலும் யாரென்றே தெரியாத வெளிநாட்டு ஆள். தயங்காமல் பெயரை எழுதியிருக்கிறார். உங்கள் சுவரொட்டியில் ஒளியமைத்தவர் பெயர் இருக்கிறது, ஒலிபெருக்கி கொடுத்தவர் பெயர் இருக்கிறது, தேநீருக்குப் பணம் கொடுத்த கடைப் பெயர்கூட இருக்கிறது. வரைந்த உங்கள் பெயர் இல்லை. யாரும் அழித்துவிடவில்லை, நீங்களே எழுதவில்லை.

காசு விஷயத்திலும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். புகழ் வந்தபின் முஹா ஷாம்ப்னுவா என்ற அச்சகத்தாரோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அவருக்கு வருமானமும் தந்தது, கையையும் கட்டியது. ஒரே படம் சுவரொட்டியாகவும் நாட்காட்டியாகவும் அஞ்சலட்டையாகவும் திரும்பத் திரும்ப அச்சாகி விற்றது. சுவரொட்டிப் படிகளைச் சேகரிப்பவர்களுக்கு விற்றுப் பெர்னாரும் பணம் பார்த்தார். ஆகவே கூலி பேசும்போதே மறு அச்சுக்கு என்ன என்று பேசுங்கள். அச்சில் போனபின் மூலப்படம் யாருடையது என்று பேசுங்கள். 'நம்ம கணக்குல வராத' வேலை என்று நீங்களே சொன்னால், இதையெல்லாம் கேட்க உங்களுக்கு வாய் எங்கே வரும்?

நான் ஓவியன் இல்லை. பத்திரிகைப் பக்கங்களில் உங்கள் படங்களை வைத்து இடம் பார்க்கிற வேலையில் காலம் போனது. எந்தப் படத்துக்காக வாசகர் நிற்கிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. மனித முகத்துக்குத்தான் நிற்கிறார்கள், அதுவும் அந்த முகத்துக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தால். கண்காட்சிக் கூடத்துக்கு வராதவர்களும் பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒரு சுவரைப் பார்க்கிறார்கள். காய்கறி வாங்கிக்கொண்டு போகிற பெண், பள்ளி விட்டு வரும் பிள்ளை, இரவுப் பணிக்குப் போகிற காவலாளி. தனியார் வரவேற்பறைக்கு இல்லாமல் மக்களுக்காகப் படம் செய்ததில் தமக்கு மகிழ்ச்சி என்று முஹாவே பின்னாளில் எழுதியிருக்கிறார். காவியத்தின்மேல் அவ்வளவு ஆசை வைத்திருந்தவர் எழுதியது அது. அதைவிட எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

நான் உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த நாடகத்துக்கு உங்களைக் கூப்பிடும்போது ஒரு மாலையையாவது ஒத்திகைக்குக் கொடுங்கள். முன்வரிசையில் நோட்டோடு உட்காருங்கள். நடிகர் வசனத்தை மறந்து நிற்பதையும் மறுபடி பிடித்துக்கொள்வதையும் வரையுங்கள். அந்த நோட்டிலிருந்து சுவரொட்டி வரட்டும். எழுத்தையும் உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். கணினி எழுத்துருவின் கணக்குக்குள் அடங்காத ஒரு முகம் அப்போது கிடைக்கலாம். கீழே பெயரை எழுதுங்கள், படிக்கும் அளவில். அச்சான படிகளில் சில உங்களுக்கு என்று கூலி பேசும்போதே கேட்டு வாங்குங்கள். ஃப்ளெக்ஸில் மட்டும் அடிப்போம் என்றால் ஒன்றிரண்டையாவது தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த ஃப்ளெக்ஸ் நாடகம் முடிந்த மறுநாள் யார் வீட்டுக் கூரையிலோ ஒழுகலை மறைக்கப் போய்விடும். வாங்கிய படியை மடிக்காமல் கோப்பில் வையுங்கள். முதல் பக்கத்தில் வையுங்கள். யாராவது அதை உருவி எடுக்க வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

இந்த மடலைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இந்த வாரமே ஏதோ ஒரு குழுவிலிருந்து அழைப்பு வரும். கதைச் சுருக்கத்தையும் புகைப்படத்தையும் அனுப்புகிறோம் என்பார்கள். அனுப்பட்டும். நீங்கள் அவர்களிடம், "நாளைக்கு ஒத்திகை எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களுக்குப் பக்கத்தில் இடம் பார்க்கும் ஒருவன்